காரைக்கால் ராடரும் எங்கள் முற்றத்துப் போத்தலும்: வானிலைத் தரவைப் பார்க்க, அளக்க, பகிரத் தொடங்குகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி பிறந்தால் போதும், கைத்தொலைபேசிக்குள் சிவப்பும் ஊதாவுமாகப் படங்கள் வந்து விழத் தொடங்கிவிடும். "சூறாவளி வருகுதாம், பார்த்தீங்களோ அண்ணை" என்று ஒரு குரல்பதிவும் கூடவே வரும். எந்த நாட்டுக் கணினி போட்ட படம், எத்தனை மணித் தரவை வைத்துப் போட்டது, நிறம் காட்டுவது மழையையா காற்றையா, ஒன்றும் அதில் இருக்காது. புகையிலைக் கன்றை இந்தக் கிழமை நடுவதா அடுத்த கிழமை நடுவதா என்று யோசிக்கிறவருக்கும், மயிலிட்டியில் வள்ளத்தை இறக்குவதா கரையிலேயே கட்டிவைப்பதா என்று நிற்கிறவருக்கும் அந்தப் படத்தால் பயம் கூடுமே தவிர வேறு பயன் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தரவு எங்கிருந்து வருகிறது, அதை நீங்களே எப்படிப் பார்ப்பது, அப்புறம் உங்கள் வீட்டு மழையை அளந்து மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் புவியியல் மறந்துபோனவர்களும் செய்யலாம்.

காலை 5.30 மணியிலிருந்து தொடங்குங்கள்

உலகத்தில் வானிலை அவதானிக்கிற எல்லோரும் ஒரே மணிக்கூட்டைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு யூடிசி என்று பெயர், பழைய ஆட்கள் கிறீன்விச் நேரம் என்பார்கள். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு இருக்கிறது. ஆகவே 00 யூடிசி என்றால் இங்கே விடியற்காலை 5.30, 03 என்றால் காலை 8.30, 06 என்றால் 11.30, 12 என்றால் பின்னேரம் 5.30, 18 என்றால் இரவு 11.30. ஒரு கொப்பி எடுத்து அதன் பின்னட்டையில் இதை எழுதி ஒட்டிவிடுங்கள். இது தெரியாமல் வானிலைப் படம் பார்க்கிறவர் நேற்றைய மழையை நாளைய மழை என்று நினைத்துக் குழம்புவார்.

இந்த நேரக் கணக்கில்தான் முழு விசயமும் நிற்கிறது. நீங்கள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கிற அந்த 5.30 மணியை ஒட்டி, காரைக்காலிலும் சென்னையிலும் பலூன் பறக்கும். அதில் தொங்கும் சின்னக் கருவி மேலே போகப்போக வெப்பம், ஈரப்பதன், அமுக்கம், காற்று எல்லாவற்றையும் வானொலியில் கீழே அனுப்பிக்கொண்டே போகும். அதே நேரத்தில் உலகின் பல நூறு இடங்களிலும் பலூன் மேலே போகிறது. தரையில் உள்ள நிலையங்கள் அந்த நேரத்து அளவுகளை எழுதுகின்றன, கப்பல்களும் கடலில் கட்டிவைத்த மிதவைகளும் விமானங்களும் அனுப்புகின்றன. ஆர்கோ என்ற திட்டத்தின் மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் அலைகின்றன. அவை 2,000 மீற்றர் ஆழம்வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருதரம் மேலே வந்து கடலின் வெப்பத்தையும் உப்பையும் செய்மதிக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் மூழ்கும். எல்லாவற்றுக்கும் மேலாக செய்மதிகள். எங்கள் பக்கத்து வானத்தை இந்தியாவின் இன்சாட் செய்மதிகள் ஒரு கோணத்தில் பார்க்கின்றன, ஐரோப்பாவின் மீற்றியோசாட் மேற்கிலிருந்தும் யப்பானின் ஹிமவாரி கிழக்கிலிருந்தும் பார்க்கின்றன.

இப்போது எங்களைப் பற்றி யோசியுங்கள். மாரியில் யாழ்ப்பாணத்துக்கு மழை தருகிற தாழமுக்கம் வங்காள விரிகுடாவில் பிறக்கிறது. அங்கே எங்களுக்கு நிலமும் இல்லை, நிலையமும் இல்லை. அதைப் பார்ப்பது மற்ற நாட்டுக் கருவிகள், அதைக் கணிப்பதும் இத்தாலியின் பொலோஞாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய கணினிகள். அந்த நாடுகள் "இது எங்கள் செலவில் எடுத்த தரவு, தரமாட்டோம்" என்று பூட்டிவைத்தால் நாங்கள் வாடைக்காற்றின் வாசனையைப் பிடித்து ஊகிக்க வேண்டியதுதான். அவர்களுக்கும் அப்படியே: ஐரோப்பாவில் இன்னும் ஒரு கிழமையில் வரப்போகும் வானிலையைக் கணிக்க இன்றைக்கு இந்து சமுத்திரத்தின் மேல் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். காற்றுக்கு எல்லை தெரியாது என்பதால் ஒருவர் இல்லாமல் மற்றவர் கணிக்க முடியாது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நேற்றுத் தொடங்கியது அல்ல. 1873இல் வியன்னாவில் நாடுகள் கூடி இதற்கென்று ஓர் அமைப்பை உருவாக்கின. 1950இல் அது உலக வானிலை அமைப்பாக மாறியது, அதனால்தான் மார்ச் 23 உலக வானிலை நாள். எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரிவது 1963: அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று அழிக்கத் தயாராக நின்ற காலத்தில் உலக வானிலைக் கண்காணிப்பு என்ற திட்டம் தொடங்கி, வாஷிங்டன், மொஸ்கோ, மெல்பேர்ண் மூன்றிலும் உலக மையங்கள் அமைந்தன. பகையிலும் அமுக்கமும் வெப்பமும் இரண்டு பக்கமும் போய்வந்தன. பிறகு சில நாடுகள் தரவை விற்கத் தொடங்கியபோது பெரிய வாக்குவாதம் வந்து, 1995இல் அடிப்படைத் தரவு இலவசமாகவும் தடையில்லாமலும் பகிரப்பட வேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். 2021இல் அதை இன்னும் விரித்து, கடல், வளி, நீர் எல்லாவற்றுக்கும் ஒரே தரவுக் கொள்கை என்று ஆக்கினார்கள். தரை நிலையங்கள் 200 கிலோமீற்றருக்கு ஒன்றாவது இருந்து, மணிக்கு ஒருதரம் தரவு அனுப்ப வேண்டும் என்பது இப்போதைய உலகக் குறைந்தபட்ச அளவு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஆகாயமார்க்கமாகவே ஏறத்தாழ 300 கிலோமீற்றர், ஆகவே வடக்கில் இருக்கிற ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தரவு குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனாவில் விமானங்கள் நின்றபோது விமானங்களில் இருந்து வரும் வானிலைத் தரவு சடுதியாகச் சரிந்தது, கணிப்பு நிலையங்கள் அந்த இடைவெளியை நிரப்ப மேலதிக பலூன்களையும் செய்மதித் தரவையும் தேடி ஓடின.

பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு

முதலில் பார்க்க வேண்டியது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை. வேறு எதைப் பார்த்தாலும் அதற்குப் பிறகுதான். அதை வாசிக்கும்போது இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று மழையின் அளவு: "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான" என்று போட்டிருந்தால் அது சாதாரண மழை அல்ல, ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நூறு லீற்றர் தண்ணீர். மற்றது கடற்பகுதி: "புத்தளத்திலிருந்து காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரை" என்று வந்தால் அதற்குள் எங்கள் முழுக் கரையும் அடங்கும், நெடுந்தீவுக்குப் படகில் போகிறவர்களும் அதற்குள்தான். திட்டவட்டமான அனர்த்த எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் இருக்கிறது.

இரண்டாவது, காரைக்கால் ராடர். எங்கள் ஆட்கள் பலருக்கு இது இன்னும் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. ராடர் என்பது வானொலி அலையை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதை வைத்து மழை எங்கே என்று காட்டும் கருவி. காரைக்காலில் உள்ள டொப்ளர் ராடர் இந்திய வானிலைத் துறையுடைய இணையத்தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர்தான், ராடரின் வட்டத்துக்குள் குடாநாடு முழுவதும் விழும். மழை முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறதா, பருத்தித்துறைக்கு வெளியே கடலிலேயே கலைகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். பார்க்கும்போது படத்தின் மூலையில் உள்ள நேரத்தை முதலில் வாசியுங்கள். யூடிசி என்று இருந்தால் ஐந்தரையைக் கூட்டுங்கள், இந்திய நேரம் என்று இருந்தால் அது எங்கள் நேரமேதான். ஒரு படத்தை வைத்து முடிவெடுக்காமல் நாலைந்து படத்தை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் மழை போகும் திசை தெரியும். இன்னொன்று: பூமி வளைந்திருப்பதால் ராடரின் கதிர் எங்களிடம் வந்துசேரும்போது தலைக்கு மேலே இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய உயரத்தில் இருக்கும். ஆகவே தாழ்வான முகிலில் இருந்து விழும் சிணுங்கல் மழை படத்தில் வராமல் போகலாம். ராடரில் ஒன்றும் இல்லை, ஆனால் வெளியே நனைகிறது என்றால் கருவி பழுது என்று அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் கணினிக் கணிப்புகள். வின்டி போன்ற இணையத்தளங்களில், பொலோஞாவில் கணினி வைத்திருக்கும் ஐரோப்பியக் கணிப்பு நிலையத்தின் கணிப்பையும் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணிப்பையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அமெரிக்கா தன் கணிப்பை நெடுங்காலமாக இலவசமாகத் தருகிறது, ஐரோப்பிய நிலையமும் 2022 முதல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. காலை 5.30 தரவில் போட்ட கணிப்பு உடனே வராது. அமெரிக்கக் கணிப்பு காலை பத்து மணியளவிலும் ஐரோப்பியக் கணிப்பு மத்தியானம் அளவிலும் வந்துசேரும். ஆகவே விடிய எழும்பிப் பார்க்கிறவர் பார்ப்பது முதல்நாள் இரவுத் தரவில் போட்டதை. இரண்டு கணிப்பும் ஒத்துப்போனால் கொஞ்சம் நம்பலாம். ஒன்று திருகோணமலையில் கரை தட்டும் என்றும் மற்றது நாகபட்டினத்துக்குப் போகும் என்றும் சொன்னால், இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் அதன் அர்த்தம். இதற்காகவே ஐரோப்பிய நிலையம் தொடக்கத் தரவைச் சிறிது சிறிது மாற்றி 51 தடவை கணிக்கிறது. அந்தப் பாதைகள் எல்லாம் ஒன்றாகப் போகும் படமும், விசிறி மாதிரி விரிந்து கிடக்கும் படமும் ஒரே செய்தி அல்ல. பயங்கரமான படம் ஒன்று உங்களுக்கு வந்தால், அது அந்த 51இல் ஒன்றாக மட்டும் இருக்கலாம்.

பெயர் வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் கடலில் சூறாவளிக்குப் பெயர் வைப்பது புதுடில்லி மையம். 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயராகக் கொடுத்த 169 பெயர்ப் பட்டியல் 2020இல் வந்தது, 2022இன் அசானி எங்கள் நாடு கொடுத்த பெயர். காற்று மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர் கிடைக்கும். மழைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 2024 நவம்பரில் ஃபெங்கல் என்று பெயர் வைத்தது 29ஆம் திகதி, அதற்கு முதலே, வெறும் தாழமுக்கமாக எங்கள் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்த நாட்களிலேயே, கிழக்கிலும் வடக்கிலும் வெள்ளம் வந்துவிட்டது.

கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு மேலதிக வேலை. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் உலகத்துப் பலூன் தரவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. காரைக்காலின் இலக்கம் 43346, கொழும்பின் இலக்கம் 43466. உலக வானிலை அமைப்பின் தரவுத்தரக் கண்காணிப்புப் பக்கத்தில், எந்த நிலையத்தின் தரவு இன்று உலகக் கணிப்பு நிலையங்களுக்குப் போய்ச்சேர்ந்தது, எது சேரவில்லை என்று வரைபடத்தில் நிறப்புள்ளியாகவே பார்க்கலாம். பகிர்வு என்பது வெறும் பேச்சா நடைமுறையா என்று அங்கே தெரிந்துவிடும்.

இனி உங்கள் முற்றம்

பெரிய நிலையம் திருநெல்வேலியில் அளக்கிற மழை உங்கள் வளவின் மழை அல்ல. மழை அளக்க வைத்த எங்கள் வீட்டுப் போத்தல் நிரம்பி வழிந்த ஒரு கார்த்திகை நாளில், பருத்தித்துறையில் இருக்கிற பெரியம்மா வீட்டில் முற்றத்து மண் கூட முழுதாக நனையவில்லை. இந்த வித்தியாசத்தை எந்தச் செய்மதியும் சரியாகப் பிடிக்காது, ஊர் ஊராக அளக்கிற மனிதர்கள்தான் பிடிக்க வேண்டும்.

கருவிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பக்கம் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மேல்பகுதியை, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும், ஆகவே சிறு கற்கள் போட்டு, நேரான பகுதி தொடங்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு கிழித்துப் பூச்சியம் என்று குறியுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் ஒரு மில்லிமீற்றர் உயரம் ஒரு மில்லிமீற்றர் மழை, வேறு கணக்கு வேண்டாம். வாய் அகலமாகவும் உடல் ஒடுக்கமாகவும் உள்ள பாத்திரம் என்றால் தண்ணீரை மருந்துச் சிரிஞ்சால் அளந்து, மில்லிலீற்றரை வாயின் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். வாயின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர், அப்போது 78.5 மில்லிலீற்றர் தண்ணீர் 10 மில்லிமீற்றர் மழை.

வைக்கிற இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் வருடம் நான் வசதிக்காக மதிலோரம் மாமரத்துக்குக் கிட்ட வைத்தேன். காற்றோடு வந்த மழையை மதில் மறித்தது, மழை விட்ட பிறகு இலையில் இருந்து சொட்டியது உள்ளே விழுந்தது, ஒரு மாரி முழுவதும் எழுதிய கணக்கு ஒன்றுக்கும் உதவாமல் போனது. மரமோ மதிலோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். வாய் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். சீமெந்துத் தரையில் வைத்தால் தெறிக்கும், புல்லிலோ மண்ணிலோ வையுங்கள், காற்றுக்குச் சாயாமல் ஒரு தடியோடு கட்டுங்கள்.

ஒவ்வொரு நாளும் காலை 8.30க்குப் பாருங்கள், இலங்கையில் நாள்மழை அளக்கிற நேரம் அதுதான். அளந்த திகதி, நேரம், மில்லிமீற்றர் மூன்றையும் எழுதி, தண்ணீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கார்த்திகை அடைமழையில் போத்தல் ஒரு நாளுக்குத் தாங்காது, இடையில் அளந்து ஊற்றிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள்.

மழை பெய்யாத நாளில் கட்டாயம் 0 என்று எழுத வேண்டும். ஊரில் கலியாண வீட்டுக்குப் போய் அளக்காமல் விட்ட நாளில் "அளக்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டையும் வெறுமையாக விட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியை எடுக்கிறவருக்கு எது வரட்சி, எது மறதி என்று தெரியாது. இரண்டு நாள் மழையைச் சேர்த்து அளந்தால் "இரண்டு நாளுக்கு" என்று எழுதுங்கள், மனதுக்குள் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டாம்.

அமுக்கம் பார்க்க ஆசையென்றால் பல கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே அமுக்கமானி இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அமுக்கம் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் ஏறி இறங்கும்: காலை பத்து மணியளவில் ஏற்றம், பின்னேரம் நாலு மணியளவில் இறக்கம், இரவும் அதே மாதிரி. மூன்று மில்லிபார் அளவுக்கு இறங்குவது வழமை. இதை அறியாமல் பின்னேரத்தில் பார்த்துவிட்டுச் சூறாவளி என்று அறிவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் நேற்று இதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுங்கள். நாளுக்கு நாள் அதே மணிக்கு இறங்கிக்கொண்டே போனால் திணைக்கள அறிக்கையை இன்னொரு தரம் திறந்து பாருங்கள்.

தானியங்கிக் கருவி வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக: கடற்காற்றின் உப்பு ஆணிகளைத் தின்னும், கொத்தெறும்பும் சிலந்தியும் உள்ளே நிரம்பிச் சாய்ந்து மழையை எண்ணும் சின்ன வாளியை மறிக்கும், காகம் மேலே இருந்து எச்சமிடும். மாதத்துக்கு ஒருதரம் திறந்து துடையுங்கள். கடும் மழையில் அந்த வாளி குறைத்துக் காட்டும் என்பதால் பக்கத்தில் போத்தலையும் வைத்திருங்கள்.

கொடுப்பது எப்படி

இணையத்தோடு இணையும் தானியங்கி நிலையம் என்றால் வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற பொது வலையமைப்பில் பதிந்துவிடலாம், மற்றது தானாகவே நடக்கும். போத்தல்காரர் ஊரில் நாலு பேரைச் சேர்த்து ஒரு குழுவும் ஒரு பொதுவான அட்டவணையும் தொடங்குங்கள்: ஊர், திகதி, நேரம், மில்லிமீற்றர். வலிகாமத்தில் இரண்டு, தென்மராட்சியில் ஒன்று, வடமராட்சியில் ஒன்று, தீவுப்பக்கம் ஒன்று என்று இருந்தால் நல்லது. பாடசாலை ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் பெரியவர்களைவிட நேரம் தவறாமல் அளப்பார்கள். பொதுவில் போடும்போது வீட்டு விலாசம் வேண்டாம், ஆள்கூற்றை (அகலாங்கு, நெட்டாங்கு) இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்குள் இடம் தெரியும், அது போதும்.

அளந்ததை மட்டும் கொடுங்கள். "64 மில்லிமீற்றர், காலை 8.30" என்பது எந்த நாட்டுக்காரருக்கும் பயன்படும். "வரலாறு காணாத மழை" என்பது ஒருவருக்கும் பயன்படாது. எச்சரிக்கை விடுவது உங்கள் வேலையோ என் வேலையோ அல்ல, தவறான ஒரு எச்சரிக்கையால் ஒரு குடும்பம் நடுச்சாமத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும். பிழையாக அளந்துவிட்டால் பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் திருத்தம் என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதற்குப் போத்தலும் வேண்டாம். போர்க்காலத்தில் வடக்கில் பல இடங்களில் அவதானங்கள் அறுந்துபோயின. ஆனால் தோட்டக்காரர்கள், வாத்தியார்மார், கோயில் கணக்குப் பார்த்தவர்கள் சிலர் மழையைக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒன்று இருந்தால் கறையான் அரிக்க முதல் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். என்ன பாத்திரத்தில் அளந்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டு, அதையும் எழுதிச் சேருங்கள். அங்குலத்தில் எழுதியிருந்தால் 25.4ஆல் பெருக்கி மில்லிமீற்றரைப் பக்கத்தில் போடுங்கள், மூல எண்ணை அப்படியே விடுங்கள். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான பக்கங்களில் மட்டும் கூடுதல் கவனம்: அந்தப் பத்து வருடமும் நாட்டின் மணிக்கூடு முதலில் ஒரு மணித்தியாலமும் பிறகு அரை மணித்தியாலமும் முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, வன்னியில் பழைய நேரமே ஓடியது. எழுதியவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று அவரையே கேளுங்கள், இப்போதே கேளுங்கள்.